வரம்புரையும் வாடகை நிலுவையும்

சட்டப் பிரிவொன்று பொதுவிதியைக் கூறிய பின்னர், அதற்கு விலக்கோ நிபந்தனையோ சேர்க்கும் பகுதி வரம்புரை எனப்படும். அது தான் சார்ந்த பிரிவைக் கட்டுப்படுத்துமேயன்றிப் பொதுவாகத் தனிச்சட்டமாக இயங்காது. 1960-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு, வாடகை செலுத்தத் தவறியவரை வெளியேற்ற வழிசெய்தது. ஆனால், அத்தவறு வேண்டுமென்றே செய்யப்பட்டதன்று எனக் கண்டால் 15 நாள்களுக்கு மேற்படாத அவகாசம் அளிக்கலாம் என்றது அதன் வரம்புரை. பின்னர் சேர்க்கப்பட்ட 'விளக்கம்' என்னும் பகுதியோ, வாடகை கேட்டு உரிமையாளர் இரண்டு மாத அறிவிப்பு அனுப்பிய பிறகும் நிலுவை தொடர்ந்தால், அதை வேண்டுமென்றே செய்த தவறாகவே கொள்ள வேண்டும் என்றது.

அறிவிப்பே அனுப்பப்படாதபோது என்ன செய்வது என்ற சிக்கல் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1985-இல் நீதிபதி பசல் அலி எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு, அறிந்தும் கருதியும் செய்யும் தவறே 'வேண்டுமென்றே' செய்வதாகும் என்றும், அறிவிப்பு இல்லாத வழக்குகளில் சான்றுகளைக் கொண்டு நீதிமன்றமே அதை முடிவுசெய்யும் என்றும் தெளிவுபடுத்தியது. நீதிபதி சபியசாச்சி முகர்ஜி மாறுபட்டார் எனினும், இயலாமையால் தவறியவரையும் ஏய்க்க எண்ணியவரையும் பிரித்தறிய இடமளித்த பெரும்பான்மைக் கருத்தே நியாயமானது. அச்சட்டம் 2019-இல் புதிய சட்டத்துக்கு வழிவிட்டது. ஆயினும், வரம்புரைக்குப் பொருள்கொள்ள அத்தீர்ப்பு இன்றும் எடுத்தாளப்படுகிறது.