தொழிற்கல்விப் பட்டயமும் பட்டப்படிப்பும்: ஓர் ஒப்பீடு

முன்னுரை

பட்டப்படிப்பை இடையில் நிறுத்திய மாணவர், கற்ற ஆண்டுகளுக்குத் தகுதிச்சான்று ஏதுமின்றி வெளியேறுவதே நெடுங்கால வழக்கமாக இருந்தது. இதற்கு மாற்றாக, இடையில் வெளியேறுவோர்க்கும் தகுதி வழங்கும் தொழிற்கல்வி இளநிலைப் பட்டத் (பி.வோக்.) திட்டத்தைப் பல்கலைக்கழக மானியக்குழு 2014இல் கொண்டுவந்தது. அத்திட்டத்தைப் பொதுப் பட்டப்படிப்போடு ஒப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாட அமைப்பு

பி.வோக். படிப்பில் ஓராண்டு முடித்தோர் பட்டயமும், ஈராண்டு முடித்தோர் உயர் பட்டயமும், மூன்றாண்டு முடித்தோர் பட்டமும் பெறுவர். ஆண்டுக்குரிய 60 மதிப்புப்புள்ளிகளில் 36 தொழில்திறன் பயிற்சிக்கும் 24 பொதுக்கல்விக்கும் உரியவை. ஒவ்வோர் ஆண்டும் ஒரு பணிநிலைக்கான தகுதியை நோக்கி வகுக்கப்படுகிறது. பொதுப் பட்டப்படிப்பிலோ முதலாண்டு, பின்வரும் ஆண்டுகளுக்கான அடித்தளமாகவே அமைகிறது.

பெயரும் பொருளும்

தேசியக் கல்விக்கொள்கை 2020, இளநிலைப் பட்டப்படிப்புகளில் ஓராண்டுக்குச் சான்றிதழும் ஈராண்டுக்குப் பட்டயமும் வழங்கலாம் என்கிறது. பாலிடெக்னிக் பட்டயமோ பத்தாம் வகுப்புக்குப்பின் பயிலும் மூன்றாண்டுப் படிப்பு. ஆக, ‘பட்டயம்’ என்னும் ஒரே சொல் மூன்று வேறுபட்ட கற்றல் அளவுகளைச் சுட்டுகிறது. பணியமர்த்துவோரும் மேற்படிப்புச் சேர்க்கைக் குழுவினரும் பெயரை மட்டும் நோக்கின், மாணவரின் தகுதி மிகையாகவோ குறைவாகவோ மதிப்பிடப்படும்.

முடிவுரை

எனவே இத்தகுதிகளைப் பெயரால் ஒப்பிடுதல் பொருந்தாது. சேர்க்கைத் தகுதி, மொத்த மதிப்புப்புள்ளிகள், திறன் பயிற்சியின் பங்கு ஆகிய மூன்றுமே ஒப்பீட்டுக்குரிய அளவுகோல்கள். இம்மூன்றும் சான்றிதழிலேயே இடம்பெறுதல் வேண்டும். இல்லையேல் இடையில் வெளியேறும் மாணவருக்கு அச்சான்றிதழ் உரிய பயனைத் தராது.