கொசுறுக்கு எவ்வளவு இடம்?

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் மண்டபங்களில் நடந்த கல்யாணங்களின் வீடியோ பல வருடம் டிவிடியாகத்தான் வீடு வந்து சேர்ந்தது. முகூர்த்தம் முழுசாக இருக்கும். மெனுவில் கூடவே சில கொசுறுகளும் இருக்கும்: மணமக்களின் அவுட்டோர் பாட்டு, ரிசப்ஷன், போட்டோ ஸ்லைடுஷோ. கொசுறுக்குத் தனியாகக் காசு இல்லாமல் இருக்கலாம், ஆனால் வட்டில் அதற்கும் இடம் வேண்டும். ஒற்றை அடுக்கு டிவிடியில் 4.7 ஜிபி, அதாவது சுமார் 3,760 கோடி பிட்தான் அடங்கும். இரண்டு மணி நேர முகூர்த்தத்தை மட்டும் ஏற்றினால், ஒலியையும் சேர்த்து, விநாடிக்கு 52 லட்சம் பிட் கிடைக்கும். முக்கால் மணி நேரக் கொசுறைச் சேர்த்துச் சமமாகப் பங்கிட்டால் அது 38 லட்சமாக இறங்கிவிடும்.

இந்தச் சமப் பங்கீடுதான் தவறு என்பேன். டிவிடி பயன்படுத்தும் எம்பெக்-2 முறை ஒவ்வொரு ஃபிரேமையும் முழுதாக எழுதுவதில்லை. பெரும்பாலும் பக்கத்து ஃபிரேமிலிருந்து மாறியதை மட்டுமே எழுதுகிறது. மணையில் அமர்ந்து மந்திரம் சொல்லும் மாப்பிள்ளையைக் காட்ட அதற்குக் கொஞ்சம் பிட் போதும். கெட்டிமேளம் முழங்கியதும் நிலைமை தலைகீழ். நாலு பக்கமிருந்தும் அட்சதை பறக்கிறது, ஓமப் புகை அலைகிறது, பட்டுச்சேலைச் சரிகை மினுங்குகிறது, ஃபிளாஷ் வெட்டுக்கு வெட்டு திரை முழுக்க வெளுக்கிறது. எதுவும் முந்தைய ஃபிரேமோடு ஒத்துப்போவதில்லை. எந்த நிமிடத்துக்காக வீடியோ எடுத்தார்களோ, அந்த நிமிடத்தில்தான் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. மொத்த வீடியோவையும் முதலில் அளந்துவிட்டு, அசைவுக்கு ஏற்ப இரண்டாம் சுற்றில் பிட்டைப் பிரித்துக் கொடுக்கும் டூ பாஸ் முறை இதற்காகவே வந்தது. நேரம் இரட்டிப்பாகும் என்று அதைத் தவிர்ப்பது, சீசன் நெருக்கடியில் புரிகிற காரணம்தான். நல்ல காரணம் அல்ல.

அப்படியானால் கொசுறையே தூக்கிவிடலாமே என்பார்கள். தேவையில்லை. நாலு நிமிட அவுட்டோர் பாட்டுக்கு விநாடிக்கு 70 லட்சம் பிட் தாராளமாகக் கொடுத்தாலும் மொத்தம் 210 எம்பிதான் ஆகும். சொந்தக்காரர்களுக்குப் போட்டுக் காட்டுவதும் அதைத்தான்; அதில் கை வைக்க வேண்டாம். சுருக்க வேண்டியது நீளமான ரிசப்ஷன் வரிசையை. அதை 720×576 அளவிலேயே வைத்துப் பிட்டை மட்டும் குறைத்தால் முகங்கள் கட்டங்களாகிவிடும். டிவிடி தரமே அனுமதிக்கும் 352×576க்கு இறக்கினால் புள்ளிகள் பாதியாகும். படம் சற்று மழுங்கும், ஆனால் உடையாது. மழுங்கலைக் கண் பொறுத்துக்கொள்ளும், உடைசலைப் பொறுக்காது. கொசுறு முழுவதற்கும் சராசரியாக விநாடிக்கு 20 லட்சம் என்று நிறுத்தினால், முகூர்த்தத்துக்கு 45 லட்சம் மிஞ்சும்.

இப்போது பென் டிரைவ்தானே, இந்தக் கணக்கு எதற்கு என்பது அடுத்த கேள்வி. இடம் பெருகியது உண்மை. 2003இல் வந்த எச்.264 முறையும் ஏறக்குறைய பாதி பிட்டில் அதே தரத்தைத் தருகிறது. ஆனால் படத்தின் அளவும் ஃபுல் எச்டி, 4கே என்று ஏறிவிட்டது. டிவியில் செருகும் பென் டிரைவ் ஃபேட்32 முறையில் இருந்தால் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது; வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினாலோ அது தானே இன்னொரு முறை நசுக்கும். நசுக்கியபோது போன விவரத்தை எந்த மென்பொருளாலும் அப்படியே மீட்க முடியாது. அதனால் ஸ்டுடியோ ஹார்ட் டிஸ்க்கைத் துடைப்பதற்குள், முகூர்த்தத்தின் அந்தச் சில நிமிடங்களையாவது கேமரா பதிவு செய்த அசல் ஃபைலாகக் கேட்டு வாங்கிவிடுவது நல்லது.