கிணற்றடிக்கு ஒரு பாதை

போன வருடம் எங்கள் பழைய வீட்டை இடித்துவிட்டு, அதே வளவில் புதிய வீடு கட்டினோம். விறாந்தை, குசினி, மாமரம், கிணறு எல்லாமே போய்விட்டன. அஸர் தொழுத பிறகு உம்மம்மா பின்கதவடியில் நின்று, கிணறு இருந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

விடுமுறையில் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் பழைய வீட்டை உருவாக்கத் தொடங்கினேன். அது இலவச மென்பொருள். "உயர்தரத்துக்குப் படிக்கிற நேரத்தில் கம்பியூட்டரோடு என்ன விளையாட்டு?" என்று உம்மா ஏசினார். பழைய படங்களைப் பார்த்தும் உம்மம்மாவிடம் கேட்டும் வீட்டைச் செய்து முடித்தேன். இனி அதற்குள் நடந்து போக வேண்டும்.

கமராவை ஒவ்வோர் இடமாக நகர்த்திப் பதிவு செய்யலாம். ஆனால் திருப்பங்களில் அசைவு வெட்டி வெட்டி வரும். அதைவிட, தரையில் ஒரு வளைகோடு வரைந்து, அதன் வழியே கமராவைப் போகவிடுவது இலகு. கோட்டைச் சற்று வளைத்தால் பயணமும் தானாக வளையும். இதற்கு 'ஃபாலோ பாத்' என்று பெயர். கமராவைத் தெரிவுசெய்து இந்தக் கட்டுப்பாட்டைச் சேர்த்து, கோட்டை இலக்காகக் காட்டி, 'அனிமேட் பாத்' பொத்தானை அழுத்தினால் போதும்.

முதல் தடவை கமரா கூரைக்கு மேலே பறந்தது! கமராவின் பழைய இருப்பிடம் பாதையோடு கூட்டப்படுவதே காரணம். 'ஓல்ட்' விசையுடன் 'ஜி' அழுத்தி இருப்பிடத்தைப் பூச்சியமாக்கியதும் அது கோட்டில் வந்து நின்றது. பிறகு கோட்டைக் கண் உயரத்துக்கு உயர்த்தினேன்.

கமரா எங்கே பார்க்க வேண்டும்? கிணற்றடியில் 'எம்டி' என்ற வெற்றுப் பொருளை வைத்து, 'ட்ராக் டு' மூலம் கமராவை அதை நோக்க வைத்தேன். பட்டியலில் இது 'ஃபாலோ பாத்'துக்குக் கீழே இருக்க வேண்டும். கட்டுப்பாடுகள் மேலிருந்து கீழாகவே செயற்படும்.

உம்மப்பாவின் சைக்கிளையும் இன்னொரு கோட்டில் ஓடவிட்டேன். அது நண்டு போலப் பக்கவாட்டில் போனது. 'ஃபாலோ கேர்வ்' என்பதைத் தெரிவுசெய்து, முன்பக்க அச்சைச் சரியாகக் கொடுத்ததும் வளைவுக்கேற்பத் திரும்பியது.

உம்மம்மாவை அழைத்துக் காட்டினேன்.

"என்ன மகள், இப்படி ஓடுறாய்? நான் எப்பவாவது கிணத்தடிக்கு ஓடினேனா?"

அவர் சொன்னது சரி. பாதையின் நீளம் 30 மீற்றர். பிளெண்டர் தானாகக் கொடுக்கும் பயண அளவு 100 பிரேம்கள். ஒரு செக்கனுக்கு 24 பிரேம் வீதம், முழுப் பாதையும் நான்கு செக்கனில் முடிந்துவிடுகிறது. ஓட்ட வீரரின் வேகம் அது! உம்மம்மா நடந்தால் 40 செக்கன் எடுக்கும். 40ஐ 24ஆல் பெருக்கினால் 960. கோட்டின் பிரேம் எண்ணிக்கையை 960 ஆக்கினேன். காட்சி 250ஆம் பிரேமிலேயே முடியாமலிருக்க, அதன் முடிவையும் 960 ஆக்கினேன்.

இம்முறை உம்மம்மா எதுவும் சொல்லாமல் பார்த்தார். கமரா மாமரத்தைச் சுற்றி, குசினி வாசலைக் கடந்து, கிணற்றடியில் நின்றது.

"வாளியைக் காணல்லியே" என்றார்.

பக்கத்தில் நின்ற உம்மா, "பாடத்தை முடிச்சிட்டு வாளியையும் செஞ்சி வை" என்றார்.