குடியை நிறுத்த இறைநம்பிக்கை கட்டாயமா?

மது அருந்தி வாகனம் ஓட்டிப் பிடிபட்டவரை, குடிப்பழக்கத்திலிருந்து மீள உதவும் கூட்டங்களுக்குச் செல்லும்படி நீதிமன்றம் உத்தரவிடுவது அமெரிக்காவில் நெடுநாள் வழக்கம். அத்தகைய கூட்டங்களில் பெரும்பாலானவை ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்ற ஏஏ அமைப்பின் 12 படி முறையைப் பின்பற்றுபவை.

1935-இல் ஒஹாயோ மாநிலத்தின் அக்ரோன் நகரில் தொடங்கிய ஏஏ, இன்று மலேசியா உட்படப் பல நாடுகளில் இயங்குகிறது. தான் எந்தச் சமயத்தையும் சார்ந்ததல்ல என்பது அதன் நிலைப்பாடு. ஆயினும் அதன் 12 படிகளில் 6 படிகள், கடவுளையோ மனிதனுக்கு மேலான ஒரு சக்தியையோ குறிப்பிடுகின்றன. அப்படியானால் இறைநம்பிக்கை இல்லாதவரையும் வேறு சமயத்தவரையும் அங்கே போகும்படி அரசு கட்டாயப்படுத்தலாமா?

நீதிமன்றங்கள் சொன்னது என்ன?

முடியாது என்பதே அமெரிக்க நீதிமன்றங்கள் பல அளித்த பதில். நியூயார்க் மாநிலத்தில் குடித்துவிட்டு வாகனமோட்டிய ஒருவரை ஏஏ கூட்டங்களுக்கு அனுப்பியது அவருடைய சமய உரிமையை மீறிய செயல் என 1990-களில் தீர்ப்பானது. அவருக்குக் கிடைத்த இழப்பீடு வெறும் 1 டாலர்தான். ஆனால் அந்தத் தீர்ப்பு பிற வழக்குகளுக்கு வழிகாட்டியாக அமைந்தது.

ஹவாயில் பரோலில் இருந்த பௌத்தர் ஒருவர், 12 படி முறையிலான போதை மறுவாழ்வுத் திட்டத்தில் சேர மறுத்தார். அதையும் ஒரு காரணமாகக் காட்டி அவருடைய பரோல் ரத்து செய்யப்பட்டது. அவ்வாறு கட்டாயப்படுத்தியது தவறு என 2007-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. கலிபோர்னியாவில் இதே காரணத்துக்காக 100 நாள்களுக்கு மேல் மீண்டும் சிறையில் அடைக்கப்பட்ட நாத்திகர் ஒருவருக்கு, 2014-இல் ஏற்பட்ட சமரசத்தில் 19 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு கிடைத்தது.

இத்தீர்ப்புகள் ஏஏ கூட்டங்களைத் தடை செய்யவில்லை. விரும்புவோர் தாராளமாகச் செல்லலாம். கட்டாயம் என்று வரும்போது, சமயம் சாராத மாற்று வழி ஒன்றும் இருக்க வேண்டும் என்பதே அவற்றின் சாரம்.

மாற்று வழிகள் எவை?

அவற்றுள் பரவலாக அறியப்பட்டது, 1994-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ‘ஸ்மார்ட் ரிக்கவரி’. இது மனநல சிகிச்சை முறைகளை அடிப்படையாகக் கொண்டது. குடியை விடும் உறுதியை வளர்த்துக்கொள்வது, குடிக்கத் தோன்றும் வேட்கையைச் சமாளிப்பது, எண்ணங்களையும் உணர்ச்சிகளையும் கையாள்வது, சமநிலையான வாழ்க்கையை அமைப்பது என 4 அம்சங்களில் பயிற்சி தரப்படுகிறது. குடிப்பதால் கிடைப்பது என்ன, இழப்பது என்ன என்று ஒரு தாளில் எழுதிப் பார்ப்பதும் அப்பயிற்சிகளில் ஒன்று. இணையம் வழியாகவும் கூட்டங்கள் நடக்கின்றன.

‘லைஃப்ரிங்’ எனும் மற்றோர் அமைப்பு, மதுவை அறவே விடுதல், சமயச் சார்பின்மை, சுய உதவி ஆகிய மூன்றையும் கொள்கையாகக் கொண்டது.

மருந்துகளும் உண்டு. நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் ஆகியவை மீண்டும் குடிப்பதைத் தவிர்க்க உதவுகின்றன. இவற்றை மருத்துவரின் ஆலோசனையுடன் மட்டுமே உட்கொள்ள வேண்டும்.

எது சிறந்தது?

ஏஏ முறையைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. 10,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற 27 ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் வெளியான கோக்ரேன் மதிப்பாய்வு, மதுவை முற்றாக விடுவதற்கு ஏஏ சார்ந்த சிகிச்சை நல்ல பலன் தருவதாகக் கூறியது. ஆனால் ஒருவருக்குக் கைகொடுக்கும் முறை, அதில் மனம் ஒட்டாத இன்னொருவருக்குக் கைகொடுக்கும் என்று சொல்ல முடியாது.

நமக்கு என்ன?

கள்ளுக்கடையும் சம்சுவும் தோட்டப்புறக் குடும்பங்களுக்குப் புதியவை அல்ல. கோயிலில் சத்தியம் வாங்குவதும் மாலை போட்டு விரதமிருக்கச் சொல்வதும் நம் வீடுகளில் வழக்கம். அதனால் மீண்டவர்கள் உண்டு. மாலையைக் கழற்றியதும் மறுபடி குடிக்கத் தொடங்கியவர்களும் உண்டு. அப்படித் தொடங்கியவரைப் பக்தி போதாதவர் என்று ஒதுக்கிவிடத் தேவையில்லை. குடிநோய்க்கு மருத்துவ சிகிச்சை இருக்கிறது. அரசாங்க கிளினிக் மருத்துவரிடம் பேசுவது அதற்கு முதல் படியாக இருக்கலாம்.

ஓர் எச்சரிக்கை: பல ஆண்டுகளாகத் தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வியர்வை, வலிப்பு, மனக்குழப்பம் ஏற்படலாம். சில வேளைகளில் உயிருக்கே ஆபத்து. எனவே சத்தியம் செய்து விட்டாலும், கூட்டத்துக்குப் போய் விட்டாலும், நிறுத்துவதற்கு முன்பே மருத்துவரைப் பார்ப்பது அவசியம். வலிப்போ மனக்குழப்பமோ கண்டால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.