மின்மாற்றிக்குள் எண்ணெய் எதற்கு?

திருத்தணியை அடுத்த பொதட்டூர்பேட்டை நெசவாளர் ஊர். அதன் தெருக்களில் நடந்தால் விசைத்தறிகளின் ஓசை காதில் விழும். திடீரென்று ஒரு தெருவில் ஓசை அடங்கிவிட்டால், எல்லோருடைய பார்வையும் கம்பங்களின் மேல் அமர்ந்திருக்கும் இரும்புத் தொட்டியை நோக்கித் திரும்பும். அதுதான் மின்மாற்றி, அதாவது டிரான்ஸ்பார்மர். அது பழுதானால் தறி நிற்கும். தறி நின்றால் அன்றைய கூலியும் நிற்கும்.

அந்தத் தொட்டிக்குள் என்ன இருக்கிறது? இரும்புத் தகடுகளாலான உள்ளகம். அதன்மேல் சுற்றப்பட்ட கம்பிச் சுருள்கள். இவற்றை மூழ்கடித்து நிற்கும் எண்ணெய். 11,000 வோல்ட்டில் வரும் மின்சாரத்தை 433 வோல்ட்டாக அது குறைத்துத் தருகிறது. தறியின் மின்விசைப்பொறியும் வீட்டு விளக்கும் இந்த மின்சாரத்தில்தான் இயங்குகின்றன.

சரி, எண்ணெய் எதற்கு? கம்பியைச் சுற்றிக் காற்று இருந்தால் போதாதா?

காற்று நல்ல மின்காப்புப் பொருள்தான். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. சமதளத் தகடுகள் இரண்டினிடையே 1 சென்டிமீட்டர் காற்று சுமார் 30,000 வோல்ட் வரை தாங்கும். அதற்கு மேல் போனால் காற்றின் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிய்த்தெறியப்பட்டு, பொறி பாயும். கூரிய முனைகள் இருந்தாலோ இன்னும் குறைந்த மின்னழுத்தத்திலேயே பொறி கிளம்பிவிடும். உலர்ந்த, தூய மின்மாற்றி எண்ணெயோ வெறும் இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளியில் 50,000 வோல்ட்டுக்கு மேல் தாங்கும். ஆகவே சுருள்களை நெருக்கமாக வைத்து, மின்மாற்றியைச் சிறிதாகச் செய்ய முடிகிறது. எண்ணெய் இன்னொரு வேலையும் செய்கிறது. சுருளின் வெப்பத்தை வாங்கி மேலே எழும்பி, தொட்டியின் பக்கக் குழாய்களில் ஓடிக் குளிர்ந்து, மீண்டும் கீழே இறங்குகிறது.

எண்ணெய் மட்டும் போதாது. சுருளின் அடுக்குகளுக்கு நடுவே காகிதம் வைக்கிறார்கள். பருத்தி நாடாவால் கட்டுகிறார்கள். முற்காலத்தில் பருத்தி நூல் சுற்றிய கம்பியே வழக்கில் இருந்தது. தறியில் பாவும் ஊடையுமாக ஓடும் அதே பருத்திதான்! காகிதமும் பருத்தியும் செல்லுலோஸ் என்ற ஒரே பொருளால் ஆனவை. எண்ணெயில் ஊறிய செல்லுலோஸ் மிகச் சிறந்த மின்காப்பு.

இந்தக் கூட்டணிக்கு இரண்டு பகைவர்கள் உண்டு.

முதல் பகைவன் காற்றுக் குமிழி. எண்ணெயில் ஊறிய காகித அடுக்குகளுக்கு இடையே மெல்லிய காற்றிடைவெளி ஒன்று தங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த இடைவெளியில் மின்புலம், பக்கத்துக் காகிதத்தில் இருப்பதைப்போல் 3 அல்லது 4 மடங்கு ஆகிவிடும். தாங்கும் வலிமை குறைந்தவன் தலையில் அதிகச் சுமை! அங்கே கண்ணுக்குத் தெரியாத சிறு பொறிகள் ஓயாமல் எழுந்து, காகிதத்தைக் கரியாக்கும். கரி மின்சாரத்தைக் கடத்தும். ஒருநாள் அந்தக் கரிப்பாதை வழியே முழு மின்னழுத்தமும் பாய்ந்துவிடும். இதனால்தான் தொழிற்சாலையில் சுருளைச் சூடேற்றி உலர்த்துகிறார்கள். பெரிய மின்மாற்றிகளில் காற்றை உறிஞ்சி வெளியேற்றிய பிறகே எண்ணெயை நிரப்புகிறார்கள்.

இரண்டாம் பகைவன் ஈரம். ஒரு லிட்டர் எண்ணெயில் ஒரே ஒரு துளி நீர் கலந்தாலும் அதன் தாங்கும் திறன் பாதிக்கும் கீழே இறங்கிவிடக்கூடும். எண்ணெயில் மிதக்கும் ஈரமான நார்த்துணுக்குகள் மின்புலத்தில் வரிசையாக அணிவகுத்து, பொறி கடக்கப் பாலமே அமைத்துவிடும். உலர்ந்தபோது நண்பனாக இருந்த பருத்தி, நனைந்ததும் பகைவனாகிறது. எண்ணெய் சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கும்போது மின்மாற்றி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். அந்தக் காற்றின் ஈரத்தை உறிஞ்சவே, எண்ணெய் சேமிப்புத் தொட்டி உள்ள மின்மாற்றிகளில் சிலிக்கா ஜெல் நிறைந்த சிறு குப்பி ஒன்று தொங்குகிறது. வழக்கமாகக் காணப்படும் நீலமணிகள் இளஞ்சிவப்பாக மாறினால், அவற்றை மாற்றும் வேளை வந்துவிட்டது என்று பொருள்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். 9 வோல்ட் மின்கலம் ஒன்று, எல்.இ.டி. ஒன்று, 1,000 ஓம் மின்தடை ஒன்று எடுத்து வரிசையாக இணையுங்கள். சுற்றில் அரை சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, அதில் தடித்த பருத்தி நூலைப் பாலமாக வையுங்கள். உலர்ந்த நூலில் விளக்கு எரியாது. தேங்காய் எண்ணெயில் நனைத்த நூலிலும் எரியாது. உப்பு நீரில் நனைத்த நூலை வைத்து, அறையை இருட்டாக்கிப் பாருங்கள். விளக்கு மங்கலாகவேனும் ஒளிரும்.

நிக்கோலா டெஸ்லா 1891-ஆம் ஆண்டில் தம் புகழ்பெற்ற சுருளை உருவாக்கியபோது இதே சிக்கலைத்தான் சந்தித்தார். சுருள்களை எண்ணெயில் மூழ்கவைத்தார். காற்று சிறிதும் தங்கக் கூடாது என்று வலியுறுத்தினார். டெஸ்லா சுருளில் ஒரு மின்மாற்றி முதலில் மின்னழுத்தத்தைப் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்தி, மின்தேக்கியை நிரப்பும். அது பொறியிடைவெளி வழியே சட்டென்று காலியாகும்போது இரண்டாம் சுருளில் லட்சக்கணக்கான வோல்ட் எழும். அந்தத் திடீர் அதிர்வு திரும்பி வந்து, மின்மாற்றிச் சுருளின் முதல் சில சுற்றுகளையே கடுமையாகத் தாக்கும். தெரு மின்மாற்றியை மின்னல் தாக்குவதும் இப்படித்தான். அதனால்தான் அதனருகே இடிதாங்கிகள் பொருத்தப்படுகின்றன.

படங்களில் டெஸ்லா சுருளின் ஊதாப் பொறிகளைப் பார்த்து, நாமும் செய்தால் என்ன என்று உங்களுக்குத் தோன்றலாம். வேண்டாம், நண்பர்களே! அதற்குப் பயன்படும் விளம்பர விளக்கு மின்மாற்றி 15,000 வோல்ட் வரை தரக்கூடியது. மார்பு வழியே சில பத்து மில்லி ஆம்பியர் ஓடினாலே இதயத் துடிப்பு தாறுமாறாகும். மின்தொடர்பைத் துண்டித்த பிறகும் மின்தேக்கியில் மின்னேற்றம் காத்திருக்கும். பழைய மின்மாற்றி எண்ணெயில் நச்சுப்பொருள் கலந்திருக்கவும் கூடும். அதைத் தொடவே கூடாது.

பொறி பாய்வதைப் பார்ப்பது வியப்புதான். ஆனால் பல்லாயிரம் வோல்ட்டை விரல் தடிமன்கூட இல்லாத காகிதமும் எண்ணெயும் ஆண்டுக்கணக்கில் அடக்கி வைத்திருப்பது அதைவிட வியப்பு அல்லவா? அடுத்த முறை தெரு மின்மாற்றியைக் கடக்கும்போது, வேலிக்கு வெளியே நின்று நிமிர்ந்து பாருங்கள்.