பரிசு கிடைக்காத குழு தொடங்கிய நிறுவனம்

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 1998இல் நடந்த தொழில் திட்டப் போட்டியில் ஆய்வு மாணவர் டேனியல் லெவினும் அவருடைய பேராசிரியர் டாம் லெய்ட்டனும் சேர்ந்த குழு இறுதிச் சுற்று வரை வந்தது. பரிசு வேறொரு குழுவுக்குப் போனது. அதே ஆண்டு ஆகஸ்டில் அவர்கள் ‘அகமாய்’ நிறுவனத்தைப் பதிவு செய்தார்கள். 1999 அக்டோபரில் 26 டாலருக்கு வெளியிடப்பட்ட அதன் பங்கு, பங்குச் சந்தையில் முதல் நாள் முடிவில் 145 டாலரில் நின்றது.

அப்படியானால் அந்தப் போட்டியால் அவர்களுக்கு என்ன பயன்?

அவர்கள் கையில் இருந்தது ஒரு கணக்கு. ஓர் இணையதளத்தை லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் திறந்தால் அதன் சர்வர் திணறிவிடும். பக்கங்களின் நகல்களைப் பல சர்வர்களில் பிரித்து வைத்தால் நெரிசல் குறையும். ஆனால் நடுவில் ஒரு சர்வர் படுத்துவிட்டால்? எல்லாவற்றையும் கலைத்து மறுபடி அடுக்காமல், அந்தச் சர்வரின் பங்கை மட்டும் மற்றவற்றுக்கு மாற்றிக்கொடுக்கும் வழியை அவர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். ஆய்வுக் கட்டுரைக்கு அது போதும், போட்டி நடுவர்களுக்குப் போதாது. இதற்கு யார் பணம் கொடுப்பார்கள் என்று எழுதிக் காட்ட வேண்டும். இணைய இணைப்பு தரும் நிறுவனமா, இணையதளத்தின் உரிமையாளரா? மேலாண்மை மாணவர் ஜொனாதன் சீலிக் குழுவுக்குள் வந்தது அந்தக் கட்டத்தில்தான். கடைசியில் அகமாய் இணையதள உரிமையாளர்களிடம் கட்டணம் வாங்கும் தொழிலாக உருவெடுத்தது. 1999இல் சேவை தொடங்கியபோது யாஹூ அதன் ஆரம்ப வாடிக்கையாளர்களில் ஒன்று.

நல்ல போட்டி ஒன்று செய்யும் பெரிய உதவி இதுதான். கெடு வைத்து, தொழில்நுட்பம் தெரிந்தவரை விற்கத் தெரிந்தவரோடு உட்கார வைக்கிறது.

வேலையில் இருப்பவர்களுக்கு இதன் சுருக்கமான வடிவம் ‘ஸ்டார்ட்அப் வீக்கெண்ட்’. அமெரிக்காவின் போல்டர் நகரில் 2007இல் தொடங்கியது. வெள்ளி மாலை ஒரு நிமிடத்தில் யோசனையைச் சொல்லி ஆள் சேர்க்கலாம்; ஞாயிறு இரவு நடுவர்கள் முன் நிற்கலாம். மொத்தம் 54 மணி நேரம். சம்பளத்தை விடாமலேயே, கூட்டாளியாக வரப்போகிறவர் அழுத்தத்தில் எப்படி வேலை செய்கிறார் என்று பார்த்துவிடலாம். பல ஸ்டார்ட்அப்கள் உடைவது கூட்டாளிகளுக்குள் வரும் பிணக்கில் என்பதால், பரிசே இல்லாவிட்டாலும் இது லாபம்தான்.

பெரும் பரிசு தரும் போட்டிகளில் நிபந்தனைகளைக் கூர்ந்து படிக்க வேண்டும். நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் 2014இல் தொடங்கிய ‘43நார்த்’ போட்டியின் முதல் பரிசு 10 லட்சம் டாலராக இருந்தது. பதிலுக்கு வென்றவர் நிறுவனத்தில் 5 சதவீதப் பங்கு தர வேண்டியிருந்தது, குறைந்தது ஓராண்டு பஃபலோவிலேயே இயங்க வேண்டியிருந்தது. 2015இல் வென்ற ஏசிவி ஆக்‌ஷன்ஸ், டீலர்களுக்கிடையே பழைய கார்களை இணையத்தில் ஏலம் விடும் நிறுவனம். 2021 மார்ச்சில் அது நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலானது. தொழில் நலிந்த தன் ஊருக்கு இளம் நிறுவனங்களை இழுத்துவர அந்த மாநிலம் கண்ட வழிதான் இந்தப் போட்டி.

தமிழ்நாடு அரசின் ‘டான்சீட்’ திட்டத்திலும் தேர்வுக் குழு முன் யோசனையை விளக்கித்தான் பணம் பெற வேண்டும். தொடக்க நிலை நிறுவனத்துக்குப் பொதுவாக 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். அரசு எடுப்பது 3 சதவீதப் பங்கு. கணக்குப் போட்டால், இன்னும் தொடக்க நிலையில் இருக்கும் நிறுவனத்தைச் சுமார் 3.3 கோடி ரூபாயாக மதிப்பிட்டதற்குச் சமம். விண்ணப்பிக்கும் இளைஞர் இந்தக் கணக்கைத் தானே போட்டுப் பார்த்துவிட்டுத் தேர்வுக் குழு முன் போய் உட்கார வேண்டும். அடுத்து வரும் முதலீட்டாளர் பேச்சைத் தொடங்குவது பெரும்பாலும் அந்த எண்ணிலிருந்துதான்.