ஆடும் பிள்ளைக்கு ஏற்ற கில்ட்

ஸ்கொட்லாந்தின் வடமேற்குப் பகுதி குன்றுகளும் ஏரிகளும் செறிந்தது. அதனை ஹைலண்ட் என்பர். மலைநாடு என்று தமிழிற் கூறலாம். ஆயின் இலங்கை நேயர்களுக்கு மலைநாடு என்றதும் கண்டியும் நுவரெலியாவுமே நினைவுக்கு வருமாதலின், ஹைலண்ட் என்ற பெயரையே இங்கு கையாளுதல் நலம். அப்பெயரைத் தாங்கிய நடனம் இன்று ஸ்கொட்லாந்தில் மட்டுமன்றிக் கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளிலும் பயிலப்படுகின்றது. முற்காலத்தில் ஆடவர்க்கே உரியதாயிருந்த இக்கலையை இன்று பயில்வோரிற் பெரும்பாலார் சிறுமியர்.

இந்நடனத்துக்குரிய உடை கில்ட். முன்புறத்தில் இரு மடல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டையாய்ப் படிய, பின்புறம் முழுவதும் கொய்சகமாக மடித்துத் தைக்கப்பட்ட கம்பளி உடை அது. சேலைக்கு வைத்த கொய்யகம் அவிழ்த்தவுடன் கலைந்துவிடும். கில்ட்டிலோ இடையிலிருந்து இடுப்பின் அகன்ற பகுதிவரை மடிப்புகள் தைத்து நிறுத்தப்படுகின்றன. அதன்கீழ் அவை கட்டின்றித் தொங்குகின்றன. வளர்ந்தவர் ஒருவரின் கில்ட்டுக்கு 8 யார் துணி செல்வது வழக்கம். சிறுவர்க்கு அவ்வளவு வேண்டியதில்லை. எனினும் கையால் தைப்பதற்குரிய உழைப்பு பெரிதும் குறைவதில்லை. எனவே தேர்ந்த தையற்காரரிடம் புதிதாகத் தைப்பித்தால் விலை சில நூறு பவுணை எட்டிவிடுகின்றது.

பெற்றோரின் இக்கட்டு இங்கேதான் தோன்றுகின்றது. ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி வாரத்தில் ஒருநாள் நடன வகுப்புக்குச் செல்கின்றாள். போட்டிகளில் இறங்கும் எண்ணம் அவளுக்கும் இல்லை, பெற்றோருக்கும் இல்லை. ஆண்டு முடிவில் ஒரு மேடை. அம்மேடையில் மற்றப் பிள்ளைகளைப் போல அவளும் நிற்க வேண்டும். அடுத்த ஆண்டில் அவள் இரண்டு அங்குலம் வளர்ந்திருப்பாள்; நடனத்தை விட்டு நீச்சலுக்குப் போயிருக்கவும் கூடும். வாங்கினால் வீட்டுச் செலவில் துண்டு விழும். வாங்காவிட்டால் பிள்ளையின் முகம் வாடும்.

இந்நிலையில் கடைக்குப் போகுமுன் ஆசிரியரைக் கேட்பதே முதற்கடன். நடனப் போட்டிகளுக்கு விதி வகுக்கும் சபைகளுள் முதன்மையானது 1950 இல் ஸ்கொட்லாந்தில் அமைக்கப்பட்டது. உடைபற்றி அச்சபை கூறும் விதிகள் போட்டியாளருக்கானவை. பொழுதுபோக்காகப் பயிலும் பிள்ளையை அவை கட்டுப்படுத்துவதில்லை. வாரந்தோறும் நிகழும் பயிற்சிக்குச் சாதாரணக் காற்சட்டையே போதுமென்று கூறும் ஆசிரியர் பலர். முதலிற் செலவிட வேண்டியது கில்ட்டுக்கன்று, காலணிக்கே. கில்லீஸ் எனப்படும் மெல்லிய தோற் காலணி காலுக்கு இறுகப் பொருந்தாவிடில், எத்துணை விலையுயர்ந்த கில்ட்டும் ஆட்டத்தைக் காப்பாற்றாது.

அடுத்ததாகச் சிலரை மயக்குவது டார்ட்டன் எனப்படும் கட்டக்கோலம். தத்தம் குலத்துக்குரிய கோலத்தையே அணிய வேண்டும் என்ற எண்ணம் பலரிடம் உண்டு. 1746 இல் பிரித்தானியப் பாராளுமன்றம் ஹைலண்ட் ஆடவரின் உடையைத் தடைசெய்தது. 1782 இல் அத்தடை நீங்கியது. தடையுண்ட பொருளின்மீது பற்று மிகுவது உலக இயல்பு. ஆயினும் இன்னார் இன்ன கோலத்தை அணியலாகாது என்று சட்டம் எதுவும் இன்று இல்லை. குலப்பெயருக்காக அதிக விலை கொடுப்பது வீண். சிறுவர்க்குக் கட்டம் சிறியதாக இருக்கும் கோலமே ஏற்றது. பின்புற மடிப்புகளிலும் கோலம் முறியாது தொடருமாறு தைப்பதாயின், ஒவ்வொரு மடிப்பும் ஒரு முழுக் கட்டத்தை விழுங்கும். கட்டம் பெரிதானால் துணியும் பெருகும், விலையும் ஏறும், சின்னஞ்சிறு இடையில் மடிப்புகளும் தடித்துத் திரளும்.

துணியின் தரமோ கவனத்துக்குரியது. ஹைலண்ட் ஃபிளிங் என்னும் ஆட்டம் ஓரிடத்தில் நின்றே ஆடப்படுவது. ஒற்றைக் காலில் துள்ள, மற்றைப் பாதம் கெண்டைக்காலின் முன்னும் பின்னும் மாறிமாறிப் படிகின்றது. ஒவ்வொரு துள்ளலிலும் கில்ட் தாளத்தோடு எழுந்து தாளத்தோடு விழ வேண்டும். குழலிசைக் குழுவினர் அணிவது யாருக்கு 16 அவுன்ஸ் நிறையுள்ள தடித்த கம்பளி. நடனத்துக்கு 10 அல்லது 11 அவுன்ஸ் கம்பளியே உகந்தது. மலிந்த அக்ரிலிக் துணி எழும், ஆனால் ஒழுங்காக விழாது, காலுறையிலும் ஒட்டிக்கொள்ளும். பொலியெஸ்டரும் விஸ்கோசும் கலந்த துணி இடைநிலையானது: மடிப்பு ஓரளவு நிற்கும், வீட்டிலேயே துவைக்கலாம், விலையும் எட்டும். ஆண்டுக்கு ஒரு மேடை ஏறும் பிள்ளைக்கு அது தாராளமாகப் போதும்.

மலிவான கில்ட்டில் வணிகர் முதலிற் குறைப்பது மடிப்பின் ஆழத்தையே. கில்ட்டைப் புரட்டி உட்புறத்தைப் பார்த்தால் உண்மை விளங்கும். வெளியே தெரியும் அகலத்தைவிட உள்ளே மடிந்துள்ள துணி பலமடங்கு இருத்தல் வேண்டும். பின்னர் இடைப்பட்டியைப் பிடித்து ஒருமுறை உதறிப் பார்க்கலாம். மடிப்புகள் தாமாகவே தத்தம் இடத்துக்குத் திரும்பினால் நல்லது. விரிந்தபடியே நின்றால் அது கில்ட்டைப் போலத் தோற்றும் பாவாடை மாத்திரமே. இடையில் இறப்பர் நாடா கோத்தவற்றையும் இவ்வினத்திற் சேர்க்கலாம்.

கையிருப்புக் குறைந்தோருக்கு மிகச் சிறந்த வழி ஒருவர் அணிந்த கில்ட்டை வாங்குவது. சிறுவர் கில்ட் தேயுமுன்னரே சிறியதாகிவிடும். ஆதலால் நல்ல கம்பளிக் கில்ட், புதிய மலிவுச் சரக்கின் விலைக்கே கிடைப்பதும் உண்டு. வகுப்பிலுள்ள மூத்த பிள்ளைகளின் வீடுகளில் விசாரிப்பதில் வெட்கத்துக்கு இடமில்லை. வாங்குமுன் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து அந்துப்பூச்சி அரித்த துளை உண்டா எனவும், தோல்வார்கள் வெடித்துள்ளனவா எனவும் நோக்குக. தோல்வாரை மாற்றுவது எளிது. அரித்த துணியைச் சீராக்குவது அரிது.

அளவு பார்க்கும் முறை எளிது. பிள்ளையை நிமிர்ந்தபடி முழந்தாளிட்டு நிற்கச் செய்தால், கில்ட்டின் கரை நிலத்தில் புரளாது சற்றே மேல் நிற்க வேண்டும். வளர்வாள் என்றெண்ணி நீளமாக வாங்குவது பலர் செய்யும் பிழை. கில்ட் முழங்காலை மூடினால் கால் வெளிநோக்கித் திரும்பியுள்ளதா என்பதை ஆசிரியர் காண இயலாது, பிள்ளையும் தடுமாறுவாள். வளர்ச்சிக்கு வேறு வழிகள் உண்டு. பாவாடைக்கு மடித்துத் தைப்பது போலக் கீழே இரண்டு அங்குலம் உள்மடித்துத் தைக்கலாம். கீழ்விளிம்பு சிறிது கனக்குமாயினும் பழுதில்லை. மிகச் சிறிய பிள்ளைக்கு, கையில்லாத உட்சட்டையோடு இணைத்த கில்ட்டே உத்தமம். தோட்பட்டியைத் தளர்த்தினால் நீளம் கூடும். இடையிலிருந்து நழுவவும் மாட்டாது. பருமன் கூடும்போது தோல்வார்ப் பூட்டுகளை ஓரிரு அங்குலம் நகர்த்தித் தைத்தால் மேலும் ஓராண்டு கழியும்.

மேடை முடிந்தபின், மடிப்புகளின் கீழ்விளிம்பைப் பெரிய ஓடுதையலால் ஒன்றாகக் கோத்துத் தூக்கி வைத்தல் வேண்டும். அடுத்த பிள்ளைக்குக் கொடுக்கும் நாளில் அந்நூலை உருவிவிட்டு, ஈரத்துணி விரித்து இஸ்திரி செய்தால் போதும்.